கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியிலிருந்து ஐ.டி. விற்பனைக்கு: ஒரு ரெஸ்யூமின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருபவர் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து இளைஞர். வயது இருபத்தாறு. பி.காம். முடித்துவிட்டு மூன்று வருடம் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்த்தவர். கடை கடையாக ஏறி பில்லிங் மெஷினும் பில்லிங் சாஃப்ட்வேரும் விற்றவர். ஐ.டி. நிறுவனங்களில் விற்பனை வேலைக்குப் போக வேண்டும் என்று மாதக்கணக்காக விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தார். அழைப்பு வருவது அபூர்வம். வந்தாலும் சம்பந்தமே இல்லாத வேலைக்காக இருக்கும். நான் கோவையில் மென்பொருள் விற்பனையில் இருப்பவள். ஆள் எடுக்கும் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன். உறவினர் ஒருவர் சொல்லி என்னிடம் வந்தார். அவருடைய சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி இதை எழுதுகிறேன்.

நான் கண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரிடம் தகுதி இருந்தது. ஆனால் அந்தத் தகுதியைத் தேடுகிறவர் எந்தச் சொல்லைத் தட்டித் தேடுவாரோ அந்தச் சொல் ரெஸ்யூமில் இல்லை. அவரிடம் இல்லாத தகுதிகளுக்கான சொற்களோ ஏராளமாக இருந்தன. கீவேர்டு, அதாவது தேடுசொல், என்றாலே நம் பிள்ளைகள் இந்த இரண்டாவது வகையைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் இதை விரிவாக எழுதத் தோன்றியது.

அவர் பார்த்த வேலை

கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கமெல்லாம் வீட்டில் பேசுவது தமிழ், அலுவலகத்தில் மலையாளம். தமிழ் வழியில் படிக்கப் பள்ளிகள் இருக்கின்றன. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறையே உண்டு. வேலந்தாவளம் தாண்டினால் கோவை மாவட்டம், மீனாட்சிபுரம் தாண்டினால் பொள்ளாச்சி. இங்குள்ள கடைக்காரர் சரக்கு எடுப்பது தமிழ்நாட்டில், விற்பது கேரளத்தில்.

2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தது. அதற்குப் பிறகு இந்த எல்லை வியாபாரத்துக்கு ஒழுங்கான பில்லிங் இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. பொள்ளாச்சியில் வாங்கிய சரக்குக்கு மாநிலங்களுக்கு இடையிலான வரியான ஐ.ஜி.எஸ்.டி. வரும். அதையே கொழிஞ்சாம்பாறையில் விற்றால் பாதி மத்திய வரி, பாதி மாநில வரி. ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் தமிழ்நாடு, 32 என்றால் கேரளம். பில்லில் இது மாறிப்போனால் வாங்கியவருக்கு வரிக் கழிவு எடுப்பதில் சிக்கல். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் சரக்கு எல்லை தாண்டினால் ஈ-வே பில் என்ற மின்னணுச் சரக்குச் சீட்டு வேண்டும். இதையெல்லாம் மூன்று வருடம் கடைக்காரர்களுக்குத் தமிழிலும் மலையாளத்திலும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்து, டெமோ காட்டி, விலை பேசி, மெஷினை வைத்துவிட்டு வந்தவர் இவர். அடுத்த வருடம் சந்தா புதுப்பிக்கும் நேரத்தில் மறுபடி போய் நின்றவரும் இவர்தான்.

இது முழுக்க முழுக்க ஐ.டி. விற்பனை. நிறுவனத்துக்கு நிறுவனம் மென்பொருள் விற்பது, சந்தா முறையில் விற்பது, விற்ற பிறகு வாடிக்கையாளரைத் தக்கவைப்பது எல்லாமே இதில் இருக்கிறது. இவர் ரெஸ்யூமில் எழுதியிருந்தது என்ன தெரியுமா? 'மார்க்கெட்டிங் எக்ஸிகியூடிவ். ஃபீல்டு வேலை. கஸ்டமர்களைச் சந்தித்தல்.' அவ்வளவுதான்.

"அது சும்மா மெஷின் விக்கறதுதானுங்க அக்கா. சாஃப்ட்வேர் கம்பெனிக்காரங்களுக்கு அத எப்படிங்க சொல்றது?" என்றார். சிக்கல் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

ரெஸ்யூமைத் திறந்தபோது

ரெஸ்யூம் பார்க்க அழகாக இருந்தது. இலவச வடிவமைப்புத் தளத்தில் எடுத்த மாதிரி. இடப்பக்கம் கருநீலப் பட்டை, அதில் வட்டத்துக்குள் புகைப்படம். திறமைகளுக்கு நட்சத்திரம், தொடர்பு விவரங்களுக்குச் சின்னச் சின்னப் படங்கள். நான் அதைப் படிக்கவில்லை. பி.டி.எஃப்.-ஐத் திறந்து மொத்தத்தையும் செலக்ட் செய்து, காப்பி எடுத்து, நோட்பேடில் ஒட்டினேன். யாரும் செலவில்லாமல் அரை நிமிடத்தில் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. கணினி அந்த ரெஸ்யூமை எப்படிப் படிக்கும் என்பதற்கு ஏறக்குறைய இதுதான் விடை.

நோட்பேடில் வந்தது இப்படி. முதல் வரியில் 'மார்க்கெட்டிங் எக்ஸிகியூடிவ்'. அடுத்த வரியில் 'மலையாளம்'. அதற்கடுத்து '2021', பிறகு 'எம்.எஸ். எக்ஸல்', பிறகு 'கிரிக்கெட்'. இரண்டு பத்தியும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வந்திருந்தன. வேலை பார்த்த ஆண்டு ஒரு மூலையில், நிறுவனத்தின் பெயர் இன்னொரு மூலையில். நட்சத்திரங்கள் காணவில்லை. தலைப்பைப் படமாக வைத்திருந்ததால் தொலைபேசி எண்ணே வரவில்லை.

கடைசியில் வேறொன்றும் வந்தது. கண்ணுக்குத் தெரியும் பக்கத்தில் இல்லாத ஒரு நீண்ட சொல் வரிசை: கிளவுட், ஏ.டபிள்யூ.எஸ்., அஷூர், ஜாவா, பைத்தான், எஸ்.ஏ.பி., சேல்ஸ்ஃபோர்ஸ், டேட்டா அனலிடிக்ஸ் என்று அடுக்கடுக்காக. வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து. ரெஸ்யூம் எழுதித் தருகிறோம் என்று ஒரு இடத்தில் காசு வாங்கிக்கொண்டு செய்து கொடுத்த வேலை. அவருக்கே முழுதாகத் தெரியாது. "கம்ப்யூட்டர் செலக்ட் பண்ணறதுக்கு உள்ள ஒரு டெக்னிக் வெச்சிருக்கோம்னு சொன்னாங்க" என்றார்.

சம்பந்தமில்லாத அழைப்புகள் வந்ததற்குக் காரணம் இந்த வெள்ளை எழுத்துதான். டெக்னிக்கல் சப்போர்ட்டுக்கு ஆள் தேடியவர்களின் கண்ணில் பட்டிருக்கிறார். எடுத்தவுடன் ஏ.டபிள்யூ.எஸ். பற்றிக் கேட்பார்கள், இவர் திணறுவார், போனை வைத்துவிடுவார்கள். வெள்ளை எழுத்தை யாரும் பார்க்க முடியாது என்பது தவறான நம்பிக்கை. ரெஸ்யூமை உள்ளே இழுக்கும் மென்பொருள் நிறத்தைக் களைந்துவிட்டு எழுத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். அங்கே எல்லாம் ஒரே கறுப்புதான். அதைப் பார்க்கிற ரெக்ரூட்டர், அதாவது நிறுவனத்துக்கு ஆள் தேடுகிறவர், இவரைப் பற்றி என்ன நினைப்பார்? விற்பனை என்பது நம்பிக்கையின் மேல் நடக்கிற தொழில். முதல் தாளிலேயே மறைத்து வைத்த சரக்கு இருந்தால் அந்த ஆளை வாடிக்கையாளரிடம் எப்படி அனுப்புவது? காசு வாங்கிக்கொண்டு இப்படிச் செய்து கொடுப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. பாதிக்கப்படுவது விவரம் தெரியாத பிள்ளைகள்.

தேடுகிறவர் எப்படித் தேடுகிறார்

ஏ.டி.எஸ். என்றால் ஏதோ ரெஸ்யூமைத் தின்றுவிடும் பூதம் என்பதுபோல இணையத்தில் பயமுறுத்துகிறார்கள். விண்ணப்பங்களைச் சேர்த்து வைத்து, வரிசைப்படுத்தி, தேடிக்கொடுக்கிற மென்பொருள் அது. வொர்க்டே, கிரீன்ஹவுஸ், டாலியோ, ஸோஹோ ரெக்ரூட் எல்லாம் அந்த வகை. பெரும்பாலும் உங்களை ஒதுக்குவது இரண்டு காரியம். ஒன்று, விண்ணப்பப் படிவத்தில் நீங்களே தட்டிய பதில்கள். இன்னொன்று, ரெக்ரூட்டர் தேடும்போது நீங்கள் பட்டியலில் மேலே வராமல் போவது.

நம் நாட்டில் இந்த இரண்டாவது விஷயம் பெரும்பாலும் நௌக்ரியில் நடக்கிறது. 1997-இல் தொடங்கிய வேலைவாய்ப்புத் தளம் அது. ரெக்ரூட்டர்கள் பணம் கட்டி அதன் ரெஸ்யூம் கிடங்குக்குள் போய்த் தேடுவார்கள். தேடல் பெட்டியில் 'இன்சைடு சேல்ஸ்', கூடவே 'சாஸ்' (இணையவழிச் சந்தா மென்பொருள்) அல்லது 'சி.ஆர்.எம்.' (வாடிக்கையாளர் விவரங்களைப் பராமரிக்கும் மென்பொருள்) என்று தட்டி, அனுபவம் இரண்டிலிருந்து நான்கு வருடம், ஊர் கோயம்புத்தூர், நோட்டீஸ் பீரியட் முப்பது நாளுக்குள், சமீபத்தில் தளத்துக்கு வந்தவர்கள் என்று வடிகட்டுவார்கள். மிஞ்சுகிற பட்டியலில் முதல் சில பக்கங்களைப் பார்த்துவிட்டு போனை எடுப்பார்கள்.

இவருடைய கணக்கு அந்த வடிகட்டியின் எந்தக் கண்ணியிலும் நிற்கவில்லை. 'மார்க்கெட்டிங்' என்று தேடினால் வருவார். ஆனால் அப்படித் தேடுகிறவருக்குத் தேவை விளம்பரமும் சோஷியல் மீடியாவும் தெரிந்த ஆள். ஊர் பாலக்காடு என்று இருந்தது, விருப்பமான ஊர் என்ற இடம் காலி. வேலந்தாவளத்தில் பஸ் ஏறினால் உக்கடத்தில் போய் இறங்கலாம். கோவையில் வேலைக்குப் போய் வருகிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால் தளத்தின் கணக்கில் இது வேறு மாநிலம். கோயம்புத்தூர் என்று டிக் அடித்துத் தேடுகிறவர் கண்ணில் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆள் படவே மாட்டார். எல்லையோரப் பிள்ளைகள் எல்லோரும் கவனிக்க வேண்டிய இடம் இது. இருக்கும் ஊரைப் பொய்யாக மாற்ற வேண்டியதில்லை. விருப்பமான ஊர்களில் கோயம்புத்தூர், கொச்சி, சென்னை என்று சேர்த்துவிட்டு, ரெஸ்யூமின் தலையில் 'பாலக்காடு மாவட்டம், கோவை எல்லை. உடனே கோவையில் சேரத் தயார்' என்று ஒரு வரி போட்டால் போதும்.

படிவத்தில் போட்ட பூஜ்யம்

இந்த வழக்கில் என்னை அதிகம் வருத்தியது இதுதான்.

நிறுவனங்களின் சொந்த வேலைவாய்ப்புப் பக்கத்தில் விண்ணப்பிக்கும்போது சில கேள்விகள் வரும். மென்பொருள் விற்பனையில் எத்தனை வருட அனுபவம்? நிறுவனங்களுக்கு விற்பதில் எத்தனை வருடம்? மாத, காலாண்டு டார்கெட்டோடு வேலை செய்திருக்கிறீர்களா? இவர் எல்லா இடத்திலும் பூஜ்யம், பூஜ்யம், 'இல்லை' என்று தட்டியிருக்கிறார். குறைந்தது ஒரு வருடம் வேண்டும் என்று நிறுவனம் நிபந்தனை வைத்திருந்தால் அந்த விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். ரெஸ்யூமில் எவ்வளவு நல்ல சொல் இருந்தாலும் அதை யாரும் திறக்கப் போவதில்லை.

ஏன் அப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன். கம்பெனி சின்னது, உரிமையாளரோடு சேர்த்து ஆறேழு பேர், கண்ணாடிக் கட்டிடம் கிடையாது, அதை அனுபவம் என்று சொன்னால் பொய்யாகிவிடுமோ என்று பயந்தாராம். நேர்மையான பையன். அதே ஆளுடைய ரெஸ்யூமின் அடியில்தான் அவருக்குத் தெரியாமல் ஜாவாவும் பைத்தானும் கிடந்தன.

ஒவ்வொரு கேள்வியையும் எடுத்துப் பேசினோம். விற்றது மென்பொருள்தானே? ஆமாம், மெஷினோடு வருடச் சந்தா. வாங்கியவர் யார்? கடைக்காரர், மருந்துக் கடைக்காரர், அரிசி மண்டிக்காரர். எல்லாம் தொழில் நிறுவனங்கள். டார்கெட் இருந்ததா? மாதம் பன்னிரண்டு மெஷின். எட்டினீர்களா? இதற்கு அவரிடம் உடனே பதில் இல்லை. வீட்டுக்குப் போய் பழைய வாட்ஸாப் செய்திகளையும் இன்சென்டிவ் வந்த வங்கிக் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்தார். பெரும்பாலான மாதங்களில் எட்டியிருக்கிறார். ஓணத்துக்கு முந்தைய மாதங்களில் தாண்டியிருக்கிறார். மழைக்காலத்தில் விழுந்திருக்கிறது. மூன்று வருடச் சராசரி பதினொன்று. அந்தப் பதினொன்றைத்தான் ரெஸ்யூமில் போட்டோம். பன்னிரண்டு டார்கெட்டுக்குப் பதினொன்று என்பது எந்த விற்பனை மேலாளருக்கும் மரியாதையான எண்தான். இன்டர்வியூவில் தோண்டிக் கேட்டாலும் ஆடாது.

எந்த வேலை, எந்தப் பெயர்

ஐ.டி. விற்பனை என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர அதற்குள் வேலைகள் பல. எஸ்.டி.ஆர். அல்லது பி.டி.ஆர். என்று போட்டிருந்தால், போனிலும் மெயிலிலும் லின்க்ட்இன்னிலும் புதிய ஆட்களைப் பிடித்து மீட்டிங் வாங்கிக் கொடுப்பது. முடித்து வைப்பது வேறொருவர். இன்சைடு சேல்ஸ் என்றால் அலுவலகத்தில் இருந்தபடி டெமோ காட்டி, சிறிய, நடுத்தர வாடிக்கையாளர்களைத் தானே முடிப்பது. அக்கவுன்ட் எக்ஸிகியூடிவ் அதற்கு அடுத்த படி. சேனல் சேல்ஸ் என்றால் டீலர்களையும் பார்ட்னர்களையும் வைத்து விற்க வைப்பது. ப்ரீ-சேல்ஸ் தொழில்நுட்பம் தெரிந்தவர்களுக்கு. கஸ்டமர் சக்ஸஸ் என்பது விற்ற பிறகு வாடிக்கையாளர் விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது.

இவர் இது எல்லாவற்றுக்கும் விண்ணப்பித்திருந்தார். டிஜிட்டல் மார்க்கெட்டிங்குக்கும் போட்டிருந்தார். பென்ச் சேல்ஸுக்கும் போட்டிருந்தார். பென்ச் சேல்ஸ் என்ற பெயரைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய. அங்கே விற்பது மென்பொருள் கிடையாது. அமெரிக்காவில் கையில் ப்ராஜெக்ட் இல்லாமல் இருக்கும் கன்சல்டன்ட்களுக்கு ப்ராஜெக்ட் பிடித்துக் கொடுக்கிற வேலை, பெரும்பாலும் ராத்திரி ஷிஃப்ட். அதில் தவறு ஏதும் இல்லை. ஆனால் தெரியாமல் போய் மாட்டக்கூடாது. 'பிசினஸ் டெவலப்மென்ட்' என்ற பெயரும் அப்படித்தான். ஒரு இடத்தில் மென்பொருள் விற்பது, இன்னொரு இடத்தில் பெற்றோரிடம் போனில் ட்யூஷன் விற்பது. பதவிப் பெயரை நம்பாமல், வேலை விவரத்தில் யாருக்கு, எதை, எப்படி விற்க வேண்டும் என்ற மூன்றையும் படித்துவிட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

பேசிப் பேசி இரண்டாகக் குறைத்தோம்: சிறு தொழில்களுக்கு மென்பொருள் விற்கிற நிறுவனங்களில் இன்சைடு சேல்ஸ், அப்புறம் சேனல் சேல்ஸ். நாளுக்கு முப்பது விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தவரை வாரத்துக்கு ஏழெட்டு என்று நிறுத்தினேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. சும்மா இருப்பதுபோல இருக்கிறது என்றார். வீட்டிலும் கேட்டிருக்கிறார்கள்.

சொல் பொறுக்கியது

அந்த இரண்டு வகை வேலைகளுக்கும் வந்திருந்த விளம்பரங்களில் சிலவற்றை அச்செடுத்து வைத்துக்கொண்டோம். திரும்பத் திரும்ப வரும் சொற்களைக் கோடிட்டோம். லீட் ஜெனரேஷன், ப்ராஸ்பெக்டிங், கோல்டு காலிங், ப்ராடக்ட் டெமோ, பைப்லைன், ஃபாலோ-அப், நெகோஷியேஷன், க்ளோசிங், ரினியூவல், அப்செல், சி.ஆர்.எம்., எஸ்.எம்.பி. (சிறு, நடுத்தரத் தொழில்கள்), சாஸ், டார்கெட், மொழிகள்.

ஒவ்வொரு சொல்லுக்கும் நேராக ஒரு நடந்த சம்பவத்தைச் சொல்லச் சொன்னேன். சொல்ல முடிந்தால் வைத்துக்கொள்ளலாம், முடியாவிட்டால் அடித்துவிட வேண்டும். 'ப்ராஸ்பெக்டிங்', அதாவது புதிய வாடிக்கையாளரைத் தேடிப் பிடிப்பது, என்றதும் விழித்தார். புதிதாகக் கடை திறக்கிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்று மாற்றிக் கேட்டேன். ஃப்ளெக்ஸ் போர்டு அடிக்கிறவரிடமும் கடைக்கு ரேக் செய்து கொடுக்கிற வெல்டிங் பட்டறைக்காரரிடமும் பழக்கம் வைத்திருந்தாராம். யார் போர்டுக்கு ஆர்டர் கொடுத்தாலும் அவர்கள் இவருக்கு ஒரு போன் போட்டுவிடுவார்கள். கடை திறப்பதற்கு முன்பே இவர் போய் நிற்பார். இதைவிட நல்ல ப்ராஸ்பெக்டிங்கை நான் பெரிய நிறுவனங்களிலும் அதிகம் பார்த்ததில்லை. அது ரெஸ்யூமில் ஒரு வரியாக ஏறியது: பரிந்துரை வலையமைப்பு உருவாக்கி, புதிய சில்லறைக் கடைகளைத் திறப்புக்கு முன்பே கண்டறிந்து லீட் உருவாக்கியது.

இப்படித்தான் ஒவ்வொன்றும். ரெஸ்யூம் ஆங்கிலத்தில் இருந்தாலும் மாறிய விதத்தைத் தமிழில் தருகிறேன். முன்பு இருந்தது: 'கஸ்டமர்களைச் சந்தித்து ப்ராடக்ட் விளக்குதல்.' பின்பு: 'பாலக்காடு மாவட்டச் சில்லறை, மருந்து, மளிகைக் கடைகளுக்கு ஜி.எஸ்.டி. பில்லிங் சாஃப்ட்வேர், பி.ஓ.எஸ். (கடைக் கவுன்டர் பில்லிங்) மெஷின் விற்பனை, நேரடி டெமோ முதல் க்ளோசிங் வரை முழுப் பொறுப்பு, மாத டார்கெட் 12, மூன்று வருடச் சராசரி 11.' அடுத்த வரி: 'வருடச் சந்தா புதுப்பித்தல், ஒரு கவுன்டர் வைத்திருந்த கடைகளுக்கு இரண்டாவது கவுன்டர் விற்றல்.' அதற்கடுத்து: 'மாநிலங்களுக்கு இடையிலான கொள்முதல், ஐ.ஜி.எஸ்.டி., ஈ-வே பில் குறித்து வாடிக்கையாளர்களுக்குத் தமிழ், மலையாளத்தில் பயிற்சி.' இந்த மூன்று வரிக்குள் தேடுகிறவருக்குத் தேவையான சொற்களில் பாதிக்கு மேல் வந்துவிட்டன. திணித்த மாதிரியும் இல்லை. சி.ஆர்.எம்., பி.ஓ.எஸ். போன்ற சுருக்கங்களை ஒருமுறை முழுப் பெயரோடும் எழுதினோம். ஒருவர் சுருக்கத்தைத் தட்டித் தேடுவார், இன்னொருவர் முழுப் பெயரைத் தட்டுவார்.

மொழிகளை மேலே கொண்டுவந்தோம். பழைய ரெஸ்யூமில் தந்தை பெயர், பிறந்த தேதி, மதம், 'மேற்கண்டவை உண்மையென உறுதி கூறுகிறேன்' எல்லாவற்றுக்கும் நடுவே மொழிகள் புதைந்து கிடந்தன. தமிழும் மலையாளமும் பேச, படிக்க, எழுதத் தெரிந்த விற்பனையாள் என்பது கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் சந்தை வைத்திருக்கிற நிறுவனத்துக்குப் பெரிய விஷயம். எல்லையில் பிறந்ததால் வந்த இந்தப் பலத்தை நம் பிள்ளைகள் பலமாக நினைப்பதே இல்லை. மதமும் தந்தை பெயரும் போயின, புகைப்படமும் போனது. ஒரே பத்தி, சாதாரண எழுத்துரு, ஒரு பக்கம். மறுபடி நோட்பேடில் ஒட்டிப் பார்த்தோம், மேலிருந்து கீழ்வரை வரிசையாக வந்தது.

நடுவில் சாட்ஜிபிடியையும் பயன்படுத்திப் பார்த்தார். ஆங்கிலப் பிழை திருத்துவதற்கும், ஒரு விளம்பரத்தையும் ரெஸ்யூமையும் அருகருகே கொடுத்து எது விட்டுப்போயிற்று என்று கேட்பதற்கும் நன்றாகவே உதவியது. ஆனால் 'இன்னும் கவர்ச்சியாக எழுது' என்று அவர் கேட்டதும் விற்பனையை 35 சதவீதம் உயர்த்தியதாக ஒரு வரியைத் தானாகச் சேர்த்துவிட்டது. அப்படி ஒரு கணக்கே கிடையாது. இந்த மாதிரி வரி இன்டர்வியூவில்தான் வெடிக்கும்.

சேல்ஸ்ஃபோர்ஸ் விஷயம்

பழைய ரெஸ்யூமில் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற சி.ஆர்.எம். மென்பொருளின் பெயர் இருந்தது என்று சொன்னேன் அல்லவா? என்னிடம் வருவதற்கு முன் ஒரு இன்டர்வியூவில் அதைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். லீடுக்கும் ஆப்பர்ச்சுனிட்டிக்கும் என்ன வித்தியாசம்? அந்த மென்பொருளை ஒரு வாரம் தொட்டவருக்கும் பதில் தெரியும். லீட் என்பது இன்னும் தகுதி பார்க்காத பெயர். தேறினால் அதை மாற்றுவோம். அப்போது அக்கவுன்ட், கான்டாக்ட், ஆப்பர்ச்சுனிட்டி என்று அது பிரியும். இவருக்குத் தெரியவில்லை. இன்டர்வியூ அத்தோடு முடிந்தது.

இல்லாத சொல்லை அடித்துவிடுவது ஒரு வழி, கற்றுக்கொண்டு மறுபடி எழுதுவது இன்னொரு வழி. சி.ஆர்.எம். இல்லாமல் இந்த வேலைகளுக்குப் போக முடியாது என்பதால் இரண்டாவது வழிக்குப் போனோம். சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனத்தின் ட்ரெயில்ஹெட் பாடங்கள் இலவசம். ஹப்ஸ்பாட் அகாடமியில் விற்பனைப் பாடங்கள் இலவசம், சான்றிதழும் தருவார்கள். ஸோஹோ சி.ஆர்.எம்.-இல் மூன்று பேர் வரை இலவசமாகப் பயன்படுத்தலாம். ஸோஹோவில் ஒரு கணக்குத் தொடங்கி, கற்பனைக் கடைகள் சிலவற்றை உள்ளே போட்டு, லீடிலிருந்து க்ளோசிங் வரை நகர்த்திப் பழகினார். முதலில் பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலையே போடப் போனார். கூடாது என்று தடுத்தேன். அந்தப் பட்டியல் பழைய முதலாளியின் சொத்து. புது இன்டர்வியூவில் அதைத் திறந்து காட்டினால், நாளைக்கு எங்கள் பட்டியலையும் இப்படித்தான் கொண்டுபோவாய் என்றுதான் எதிரில் இருப்பவர் நினைப்பார்.

ரெஸ்யூமில் ஏறியது இவ்வளவுதான்: ஸோஹோ சி.ஆர்.எம்., சுயப் பயிற்சி. ஹப்ஸ்பாட் விற்பனைச் சான்றிதழ். 'சுயப் பயிற்சி' என்று போட வேண்டுமா என்று தயங்கினார். போட்டால் ரெக்ரூட்டரின் தேடலில் வருவதற்கு எந்தத் தடையும் இல்லை, பேசும்போது தலைகுனியவும் வேண்டியதில்லை.

அழைப்பும் இன்டர்வியூவும்

உடனே எல்லாம் மாறிவிடவில்லை. முதல் சில வாரம் அமைதி. சென்னையின் பெரிய சாஸ் நிறுவனங்களுக்குப் போட்டவற்றுக்குக் கடைசி வரை பதில் இல்லை. அமெரிக்க வாடிக்கையாளர்களிடம் ஆங்கிலத்தில் பேசி விற்கும் வேலைகள் அவை. இவருடைய பேச்சு ஆங்கிலம் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை. கீவேர்டால் நிரப்ப முடியாத பள்ளம் அது. அதை அவரிடம் மறைக்கவும் இல்லை.

பிறகு ஒரு அழைப்பு வந்தது. சில்லறை வணிகத்துக்கு மென்பொருள் செய்கிற நடுத்தர நிறுவனம், கோவையில் அலுவலகம், கேரளச் சந்தைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். நௌக்ரியில் பில்லிங், மலையாளம், இன்சைடு சேல்ஸ் என்று தேடியதில் இவர் வந்ததாக ரெக்ரூட்டரே சொல்லியிருக்கிறார். முதல் சுற்று போனில். இரண்டாவது சுற்றில் நடித்துக் காட்டச் சொன்னார்கள். மேலாளர் திருச்சூர் ஜவுளிக்கடைக்காரராக மாறி, மலையாளத்தில், 'எங்களிடம் ஏற்கெனவே ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது, தொந்தரவு செய்யாதீர்கள்' என்று ஆரம்பித்திருக்கிறார். இவர் விலையையே பேசவில்லை. சரக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருக்கிறார். ஈரோடு, திருப்பூர் என்றதும், வெளிமாநிலக் கொள்முதல் பில்லை இப்போது யார் ஏற்றுகிறார்கள், மாதக் கடைசியில் கணக்கு ஒத்துப்போக எத்தனை நாள் ஆகிறது என்று போயிருக்கிறார். ரெஸ்யூமில் இருந்த ஐ.ஜி.எஸ்.டி. வரி வாயிலிருந்து வந்தது.

சம்பளப் பேச்சில் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தேன். விற்பனை வேலையில் சி.டி.சி., அதாவது வருட மொத்தச் சம்பளம், என்று சொல்லும் தொகையில் ஒரு பகுதி டார்கெட்டை எட்டினால்தான் வரும். நிலையான சம்பளம் எவ்வளவு, மாறும் பகுதி எவ்வளவு, இப்போது குழுவில் எத்தனை பேர் டார்கெட்டை எட்டுகிறார்கள் என்று கேட்க வேண்டும். கேட்டார். மேலாளர் நேராகப் பதில் சொன்னார். பதில் சொல்ல மழுப்பியிருந்தால் சேர வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

சரிபார்ப்பு

ஆஃபர் வந்த பிறகு பின்னணிச் சரிபார்ப்பு. சிறு நிறுவனங்களில் வேலை பார்த்தவர்கள் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். இருபது பேருக்குக் குறைவாக இருந்தால் பி.எஃப். கட்டாயமில்லை என்பதால் இவருக்கு யு.ஏ.என். என்ற பி.எஃப். கணக்கு எண் கிடையாது. சம்பளச் சீட்டு கொடுத்ததே இல்லை. நல்ல வேளையாகச் சம்பளம் வங்கிக் கணக்கில் வந்திருந்தது. வங்கிக் கணக்கு அறிக்கை ஒன்று, பழைய உரிமையாளரிடம் ஜி.எஸ்.டி. எண் போட்ட லெட்டர்ஹெட்டில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி எழுதி வாங்கிய அனுபவச் சான்று ஒன்று. இரண்டையும் கொடுத்தார். உரிமையாளர் நல்ல மனுஷன், போனில் விசாரித்தபோதும் பொறுமையாகப் பேசினார்.

பதவிப் பெயர் விஷயத்தில் ஆரம்பத்திலேயே நான் பிடிவாதமாக இருந்ததன் பயன் அப்போது தெரிந்தது. ரெஸ்யூமைத் திருத்தும்போது 'மார்க்கெட்டிங் எக்ஸிகியூடிவ்' என்பதை 'இன்சைடு சேல்ஸ் எக்ஸிகியூடிவ்' என்று மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தார். தேடலில் மேலே வரும் என்பது அவர் எண்ணம், அது சரியும்கூட. ஆனால் சான்றிதழில் என்ன பெயர் இருக்குமோ அதுதான் ரெஸ்யூமிலும் இருக்க வேண்டும். தேடப்படும் சொற்களுக்கு நௌக்ரியின் தலைப்பு வரியும் திறமைப் பட்டியலும் வேலை விவரமும் இருக்கின்றன. பதவியும் தேதியும் சான்றோடு ஒத்துப்போக வேண்டியவை. சரிபார்ப்புக்காரர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பது முதலில் அந்த இரண்டையும்தான். எனவே பதவி அப்படியே நின்றது, அதன் கீழே முதல் வரியில் 'பி.ஓ.எஸ்., பில்லிங் சாஃப்ட்வேர் விற்பனை' என்று போட்டோம்.

உரிமையாளர் கொடுத்த சான்றில் 'மார்க்கெட்டிங் எக்ஸிகியூடிவ்' என்றே இருந்தது. ரெஸ்யூமிலும் அதுவே. சரிபார்ப்பு எந்தக் கேள்வியும் இல்லாமல் முடிந்து, அடுத்த மாதம் முதல் தேதி சரவணம்பட்டியில் வேலைக்குச் சேர்ந்தார்.